முற்றத்தை விட்டுவைத்த விடுதிகள்



ஹோட்டல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது யாது? எங்கள் நாகூர்ப் பக்கத்தில் கேட்டால், பரோட்டாக் கல்லின் ஓசையும் சால்னாவின் மணமும் என்பார்கள். இராத் தங்கும் இடத்தை நாங்கள் ஹோட்டல் என்பதில்லை, லாட்ஜ் என்போம். லாட்ஜ் என்றால் அதற்கும் மாறாத ஓர் உருவம் உண்டு. நடுவே வெளிச்சமற்ற நீண்ட நடை. இருபுறமும் ஒரே அளவான அறைகள். அடுத்த கட்டிடத்தின் சுவரைப் பார்த்துத் திறக்கும் ஒரு ஜன்னல். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு குவளை. சென்னையில் தங்கினாலும் அஜ்மீரில் தங்கினாலும் நீங்கள் இதே அறையில்தான் தங்கியிருப்பீர்கள். கதவின் எண் மட்டுமே வேறாக இருந்திருக்கும்.

அத்தகைய லாட்ஜ் ஒன்றின் வரைபடம் சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயின்மீது விரிக்கப்பட்டது. தரைத்தளமும் அதன்மேல் 2 மாடிகளும். மொத்தம் 18 அறைகள். அது கட்டப்படவிருந்த இடம் வேறெங்கோ அன்று. நாங்கள் அமர்ந்திருந்த அந்த வீடு நிற்கும் இடமேதான்.

வீட்டைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். எங்கள் பாட்டனார் ரங்கூனில் கடை வைத்திருந்த காலத்தில் கட்டிய வீடு அது. தெருவிலிருந்து கொல்லை வரை நீண்டு கிடக்கும். முன்னே திண்ணை, பின்னர் கூடம், கூடத்தை அடுத்து வானம் பார்த்த முற்றம், அதனைச் சுற்றித் தாழ்வாரம், அப்பால் பெண்கள் புழங்கும் இரண்டாம் கட்டு, கிணறு, கடைசியில் தென்னை நிற்கும் கொல்லை. தூண்கள் பர்மாத் தேக்கு. கூரை நாட்டு ஓடு. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்து நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது, கரையோரத்துக் குடும்பங்கள் சில எங்கள் முற்றத்திலும் தாழ்வாரத்திலும் பதினொரு நாட்கள் தங்கின. அப்பொழுது நான் கல்லூரிப் படிப்பை முடித்திருந்த இளைஞன். அத்தனை பேருக்கும் அந்த இடம் எவ்வாறு போதியது என்று இன்றும் எனக்கு வியப்பு. நான்கு சுவருக்குள் அடைத்த அறைகளாயிருந்தால் போதியிராது.

ஆயினும் என் தம்பியைக் குறை சொல்வதற்கில்லை. அவர் சிங்கப்பூரில் உழைப்பவர். இன்னும் சில ஆண்டுகளில் ஊர் திரும்ப வேண்டும். திரும்பினால் வருவாய்க்கு ஒரு வழி வேண்டும். 2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 இல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்த கஜா புயல் எங்கள் கூரையைக் குலைத்துவிட்டுப் போன பிறகு, ஆண்டுதோறும் ஓடு மாற்றும் செலவு அவர் தலையில்தான் விழுந்தது. மதரஸா ஆசிரியராகிய என் ஊதியத்தில் ஒரு பக்கக் கூரைக்குக்கூட வழியில்லை. கந்தூரிக் காலத்தில் நாகூரில் அறை கிடைக்காமல் மக்கள் தெருவில் படுக்கின்றனர் என்பதும் உண்மை. "நானா, இடித்துக் கட்டினால் மூன்று குடும்பமும் பிழைத்துக்கொள்ளும்" என்றார். விதவையாகி அந்த வீட்டின் இரண்டாம் கட்டில் வாழ்ந்துவரும் எங்கள் லாத்தாவுக்கு வரைபடத்தில் ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தது. மாடிப்படிக்கு அடியில்.

லாத்தா வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

வாசகர்களே, இந்நிலையில்தான் நான் முன்னொருமுறை கண்டிருந்த ஒரு கட்டிடம் என் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2023 ஆம் ஆண்டு இலங்கை சென்றிருந்தேன். அரபுக் கல்லூரியில் என்னுடன் ஓதிய நண்பர் ஒருவர் கண்டிக்கு அருகிலுள்ள அக்குறணையில் இருக்கிறார். அவர் ஒரு நாள் மாத்தளை வழியாக என்னைத் தம்புள்ளைக்கு அழைத்துச் சென்று, "மௌலவி, ஒரு ஹோட்டலைக் காட்டுகிறேன், கண்டுபிடியுங்கள் பார்ப்போம்" என்றார். காட்டுப் பாதையில் வண்டி ஏறிற்று. எதிரே ஒரு பாறைக் குன்று. அதன் மேனியெங்கும் செடியும் கொடியும். குன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பாதி கட்டிடம் என்பது மிக நெருங்கிய பின்னரே தெரிந்தது.

அதுவே கந்தலம ஹோட்டல். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் குன்றின் இடுப்பைச் சுற்றி வளைந்து செல்லும் கட்டிடம்; 152 அறைகள். அத்தனை பெரிய கட்டிடத்துக்கு, கண்ணைப் பறிக்கும் முகப்பு என்று ஒன்று இல்லை. குகை வாயில் போன்ற ஓரிடத்தில் இறங்கி உள்ளே நடந்தால், பாறை கட்டிடத்துக்குள்ளேயே வந்து நிற்கின்றது. அதை வெட்டி எறியவில்லை. நடைபாதை அதற்கு விலகி வழிவிட்டுச் செல்கின்றது. இருண்ட அந்த வழி முடியும் இடத்தில் திடீரெனக் கந்தலமக் குளம் முழுவதும் கண்முன் விரிகின்றது. குளத்துக்கு அப்பால் தொலைவில் சிகிரியாக் குன்று. அங்குள்ள நீச்சல் குளத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் நீரும் அப்பாலுள்ள ஏரியின் நீரும் ஒன்றே போல் தோன்றுகின்றன. கட்டிடத்தின் பெரும்பகுதி தூண்கள்மீது நிற்பதால், குன்றிலிருந்து வழியும் மழைநீர் கட்டிடத்தின் அடியாகவே ஓடிக் குளத்தைச் சேர்கின்றது. மொட்டை மாடியில் மண் பரப்பிச் செடி வளர்த்திருக்கிறார்கள். அறைகளுக்குச் செல்லும் நடைகளுக்குச் சுவர் இல்லை. காற்று உலாவுகின்றது, குரங்குகளும் உலாவுகின்றன. ஒரு கோப்பைத் தேநீர் அருந்தினோம். அதன் விலையை இங்கு எழுதினால் லாத்தா படித்துவிடுவார் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இதனைப் படைத்தவர் ஜெஃப்ரி பாவா. பெயரைக் கவனித்தீர்களா? நாகூரில் பாவா என்றால் தப்ஸ் கொட்டிப் பாடிவரும் ஃபக்கீர்களைத்தான் சொல்லுவோம். இவருடைய தந்தைவழிப் பாட்டனார் இலங்கைச் சோனகர், பாட்டி ஆங்கிலேயர். 1919 இல் பிறந்த பாவா கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தார். பின்னர் சட்டம் படித்து வழக்கறிஞரானார். அதில் மனம் ஒட்டவில்லை. 1948 இல் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கை என்னும் பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றை வாங்கி, அதைத் தம் விருப்பம்போல் திருத்தத் தொடங்கியபோதுதான், தமக்குக் கட்டிடக்கலை தெரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. மீண்டும் இலண்டன் சென்று மாணவராக அமர்ந்தார். கட்டிடக் கலைஞராகத் தகுதி பெற்றது 1957 இல். அப்பொழுது அவருக்கு வயது 38. இலக்கியம் படித்தவனுக்குக் கட்டிடத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று என்னைக் கேட்போருக்கு இந்த வரலாற்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். 1982 இல் திறக்கப்பட்ட கோட்டை இலங்கை நாடாளுமன்றமும் அவர் படைப்பே. 2001 இல் ஆகா கான் கட்டிடக்கலை விருதுக் குழுவின் தலைவர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. எகிப்தின் ஹசன் ஃபத்ஹீயும் ஈராக்கின் ரிஃபாத் சாதிர்ஜியும் அவருக்குமுன் அதனைப் பெற்றவர்கள். 2003 இல் பாவா மறைந்தார்.

கந்தலம பற்றி என்னைப் பெரிதும் கவர்ந்தது அதன் இடத் தேர்வே. முதலில் சிகிரியாவின் அடிவாரத்தையொட்டிய ஓரிடமே அவருக்குக் காட்டப்பட்டது. உலகம் போற்றும் குன்றின் காலடியில் அறை கட்டினால் வாடகைக்கு ஆள் பஞ்சம் வருமா? அவர் ஏற்கவில்லை. அந்தக் குன்றை அண்ணாந்து பார்ப்பதற்குப் பதில், குளத்தின் மறுகரையில் பல கல் தொலைவிலிருந்து பார்க்கும்படியான ஓர் இடத்தைத் தேடிப்பிடித்தார். காட்சியின்மீது ஏறி உட்காராமல் விலகி நின்றால்தான் காட்சி மிஞ்சும் என்பது அவர் கணக்கு.

இவ்வளவும் எதிர்ப்பின்றி நடந்துவிடவில்லை. 1990களின் தொடக்கத்தில் கட்டிட வேலை தொடங்கியபோது, குளத்து நீர் மாசுபடும், தம்புள்ளைக் குகைக் கோயிலின் அமைதி கெடும் என்று பிக்குகளும் இயற்கை ஆர்வலர்களும் பெரும் போராட்டம் நடத்தினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. உழவர்க்குப் பாய வேண்டிய நீர் அது. தஞ்சைத் தரணியில் பிறந்தவனுக்கு அந்தக் கவலையை எவரும் விளக்க வேண்டியதில்லை. கழிவுநீரைக் குளத்தில் விடாமல் சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சும் ஏற்பாட்டில் அந்த ஹோட்டல் காட்டும் கவனத்துக்கு அந்தப் போராட்டமும் ஒரு காரணமாயிருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

பாவாவின் முந்தைய விடுதிகளும் இத்தகையனவே. 1960களின் இறுதியில் கட்டப்பட்ட பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டல், நடுவே குளம் வைத்த முற்றத்தைச் சுற்றி எழுந்தது. அதன் வரவேற்புக் கூடத்தின் மேற்கூரையை எனா டி சில்வா என்னும் பெண்மணியின் பட்டிக் துணிகள் அலங்கரித்தன. காலிக்கு அருகே 1997 இல் திறந்த லைட்ஹவுஸ் ஹோட்டலின் சுழற்படியில், போர்த்துக்கீசியரோடு சிங்களர் பொருதிய போரை லகி சேனநாயக்க உலோக உருவங்களாக நிறுத்தியிருக்கிறார். படியேறுபவர் போர்க்களத்தின் நடுவே ஏறுகிறார். தமிழகத்திலும் பாவாவின் கைவண்ணம் உண்டு. 1970களில் சென்னை கன்னிமாரா ஹோட்டலைப் புதுப்பித்துக் கொடுத்தவர் அவர். மதுரையில் மதுரா கோட்ஸ் ஆலையினருக்காக அவர் அமைத்த மன்றக் கட்டிடம் பிற்காலத்தில் ஒரு விடுதியின் பகுதியாயிற்று.

இவற்றுள் எனக்கு உடனே பயன்பட்டது வேறொன்று. 1960களிலும் 70களிலும் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. கண்ணாடி, எஃகு எதுவும் எளிதில் கிடையாது. கையிலிருந்த ஓடு, கருங்கல், தென்னை, சுண்ணாம்பு ஆகியவற்றைக் கொண்டே கட்ட வேண்டியிருந்தது. நாட்டு ஓட்டுக் கூரை அழகானது, குளிர்ச்சியானது, ஆனால் ஒழுகும். பாவா என்ன செய்தார் தெரியுமா? முதலில் நெளிநெளியான சிமெண்டுத் தகட்டைப் பரப்பி, அதன் பள்ளங்களில் நாட்டு ஓட்டைப் படியவைத்தார். மழையைத் தகடு தடுத்தது. வெயிலை ஓடு தடுத்தது. குரங்கு ஓடினாலும் ஓடு நகர்ந்து கூரை ஒழுகவில்லை. அக்காலத் தகட்டில் கல்நார் கலந்திருந்தது; அது நுரையீரலுக்குக் கேடு என்பதை இன்று அறிவோம். கல்நார் இல்லாத தகடு இப்பொழுது கிடைக்கின்றது. கஜா புயலுக்குப் பின் ஆண்டுதோறும் ஓடு மாற்றிப் பணத்தைக் கரைத்த எங்களுக்கு, இந்த ஒரு செய்தியே அந்தத் தேநீரின் விலைக்கு ஈடாகும்.

தம்பி விடுமுறையில் வந்தபோது இவையனைத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நானா, அது கோடீசுவரர்கள் கட்டியது. மலையும் குளமும் அவர்களிடம் இருந்தது. நம்மிடம் இருப்பது தெருவும் சாக்கடையும்" என்றார். சரியான பதில்தான். ஆகவே மறுநாள் காலை அவரைப் பேருந்தில் ஏற்றித் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றேன். காரைக்காலைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். 2020 இல் மயிலாடுதுறை மாவட்டம் பிரியும் வரை அதுவும் எங்கள் நாகை மாவட்டம்தான்.

1620 இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிய ஊர் அது. 1845 இல் அவர்கள் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றார்கள். கோட்டைக்கு அருகே, கடலைப் பார்த்தபடி, ஆங்கிலேயக் கலெக்டர் தங்கிய பழைய பங்களா ஒன்று உண்டு. பாழடைந்து கிடந்த அதனை, இராஜஸ்தானத்தில் பதினைந்தாம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றை விடுதியாக மாற்றிப் பெயர்பெற்ற நீம்ரானா நிறுவனத்தார், ஆழிப்பேரலை வந்த காலத்தை ஒட்டிய ஆண்டுகளில் செப்பனிட்டுத் தங்கும் விடுதியாக்கினார்கள். அறைகளுக்கு எண் இல்லை. தரங்கம்பாடிக்கு வந்துபோன டேனிஷ் கப்பல்களின் பெயர்களையே சூட்டியிருக்கிறார்கள். புதிதாகக் கட்டியது மிகக் குறைவு. இருந்ததை இருந்தபடி நிற்கவிட்டதே அவர்கள் செய்த பெரிய வேலை.

தம்பி வியாபாரி. அவர் கண் வேறு. சிறிது நேரம் கட்டிடத்தைச் சுற்றி வந்து அறைகளை எண்ணினார். "எட்டே எட்டு! நம் கான்டிராக்டர் கையில் கொடுத்தால் முப்பது போடுவார்" என்றார். பின்னர் கடற்கரையில் நின்று நெடுநேரம் அந்த வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழும் மேலும் தூண்கள் வரிசையாக நிற்கும் அகன்ற வராந்தா. தங்க வந்திருந்தோர் எவரும் அறைக்குள் இல்லை. எல்லோரும் அங்கேதான் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்கள். "நானா, இவர்கள் அறைக்கு வாடகை கொடுக்கவில்லை, திண்ணைக்குக் கொடுக்கிறார்கள்" என்றார். நான் ஒரு மணி நேரம் பேசியும் சொல்ல முடியாததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் பேச்சு விடுதிகளைப் பற்றியே சென்றது. துபாயில் 1999 இல் திறந்த புர்ஜுல் அரப் பாய்மரக் கப்பலின் வடிவில் 321 மீட்டர் உயரம் எழுந்து நிற்பதை அவர் புகழ்ந்தார். நான் அதனை வியப்பேனேயன்றி விரும்பேன். பாய்மர வடிவம் வெளியே நிற்பவனுக்காக. உள்ளே தங்குபவனுக்கு அதனால் ஆவது குறைவு. சுவீடனின் வடகோடியில் யுக்கஸ்யார்வி என்னும் ஊரில் ஆற்றுப் பனிக்கட்டியை வெட்டியெடுத்து ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு ஹோட்டல் கட்டுகிறார்கள்; வெயில் வந்ததும் அது உருகி மீண்டும் ஆற்றுக்கே போகின்றது. விளையாட்டுப்போல் தோன்றினாலும் அதில் ஒரு நேர்மை இருக்கின்றது. அந்த ஊரில் கிடைப்பது பனிக்கட்டி, அதில் கட்டுகிறார்கள். எகிப்தின் ஸீவா பாலைவனச் சோலையில் அத்ரேர் அமெல்லால் என்றொரு விடுதி. உப்பும் களிமண்ணும் கலந்த ஊர்க் கட்டிகளால் எழுப்பியது. அறைகளில் மின்விளக்கு இல்லை. இரவில் மெழுகுவர்த்தியும் அகலும். மின்சாரம் போனால் வாரியத்தைத் திட்டும் நாம், மின்சாரமே வேண்டாம் என்று பணம் கொடுத்துத் தங்குவோரை என்னவென்பது!

இவையெல்லாம் பிற நாட்டார் புதுமைகள் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் தஞ்சை மண்ணிலேயே, இரண்டாம் சரபோஜி மன்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் இருக்கின்றது. வழிப்போக்கருக்குச் சோறிட்ட அந்தச் சத்திரத்தின் முகப்பை யானையும் குதிரையும் பூட்டி இழுக்கும் தேர் போல அமைத்திருக்கிறார்கள். நடந்து களைத்து வந்த ஏழைப் பயணி, மன்னர் ஏறும் தேரில் ஏறுவது போல் உள்ளே நுழைய வேண்டும் என்று எவரோ ஒரு சிற்பி எண்ணியிருக்கிறார் போலும். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

இஸ்லாமிய உலகத்தின் ஸராய்களையும் கான்களையும் பற்றி மதரஸாவில் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அனத்தோலியாவில் அக்ஸராய்க்கு அருகே 1229 இல் ஸல்ஜூக் சுல்தான் அலாவுத்தீன் கைகுபாத் எழுப்பிய சுல்தான் கான் இன்றும் நிற்கின்றது. ஒரே வாயில்; உள்ளே பெருமுற்றம்; முற்றத்தின் நடுவே தூண்கள்மீது உயர்த்திய சிறு பள்ளிவாசல்; சுற்றிலும் தங்கும் இடங்கள். அத்தகைய கான்களில் பயணிகளுக்கு மூன்று நாட்கள் வரை கட்டணமின்றி இடமும் உணவும் அளிக்கப்பட்டன. விருந்தோம்பல் மூன்று நாட்கள் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை அவர்கள் கல்லில் கட்டிவைத்தார்கள் எனலாம். பாரசீக நாட்டின் 54 பழைய ஸராய்களை 2023 இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஒன்று, நடுவிலுள்ள முற்றம். கான்டிராக்டர் எங்கள் வரைபடத்தில் முதலில் அழித்தது எதுவோ, அது.

வீடு திரும்பி லாத்தாவிடம் எல்லாவற்றையும் விவரித்தோம். முற்றத்தை வைத்துக்கொண்டே விடுதியாக்கலாம் என்றதும் அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். மகிழவில்லை. "முற்றத்தைச் சுற்றி ஊரார் தங்கினால் நான் எங்கே போவேன்? கிணற்றடிக்கு எப்படிப் போவேன்? மாடிப்படிக்கு அடியிலாவது எனக்கென்று ஒரு கதவு இருந்தது" என்றார்.

வெட்கித்துப் போனேன். அழகைப் பற்றி இத்தனை நாள் பேசியவன், அந்த வீட்டில் வாழ்பவரைப் பற்றி எண்ணவில்லை. அத்துடன், நானே பாடம் நடத்தும் ஓர் இடம் அன்றிரவு உறைத்தது. திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தில், பிறர் வீட்டினுள் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழையலாகாது என்று 27 ஆம் வசனம் கூறுகின்றது. 29 ஆம் வசனமோ, எவரும் குடியிராத, ஆனால் மக்களுக்குப் பயனுள்ள வீடுகளில் நுழைவதில் குற்றமில்லை என்கின்றது. இவை வழிப்போக்கருக்கான தங்குமிடங்களே என்று விரிவுரையாளர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். ஆக, வீடு வேறு, விடுதி வேறு. ஒரே கூரையின்கீழ் இரண்டும் இருக்க வேண்டுமானால், எந்த இடத்தில் விடுதி முடிந்து வீடு தொடங்குகின்றது என்பது தெளிவாயிருக்க வேண்டும். அந்த எல்லையை எங்கே வைப்பது? கந்தலமக் குன்றில் இதற்கு விடை கிடையாது.

விடையை லாத்தாவே சொன்னார். யாத்திரிகர்களை ஆண்டாண்டாகத் திண்ணையில் கண்டவர் அவர். "வருகிறவர்கள் தனியாளாகவா வருகிறார்கள்? பிள்ளைகுட்டியோடு, கிழவர்களோடு, அரிசி மூட்டையோடு வருகிறார்கள். அவர்களுக்கு டிவி வேண்டாம். சோறு வடிக்க ஓர் அடுப்பு வேண்டும், ஈரத்துணி காயப்போட ஒரு கயிறு வேண்டும், பச்சைப்பிள்ளைக்காரி மறைவாக உட்காரத் தாழ்வாரத்தில் ஒரு மூலை வேண்டும், பிள்ளைகள் ஓடக் கொஞ்சம் இடம் வேண்டும்" என்று விரல்விட்டு எண்ணினார். வரைபடம் போடும் எவரும் தம்மிடம் இதைக் கேட்டதில்லை என்றும் சொன்னார். உண்மைதானே? உங்கள் ஊரில் லாட்ஜ் கட்டும்பொழுது பெண்களை எவராவது கேட்டதுண்டா?

இப்பொழுது உருவாகியிருக்கும் திட்டம் இது. முன்கட்டும் முற்றமும் அப்படியே நிற்கும். கூடத்தை ஒட்டிய பழைய அறைகள் நான்கும் தங்குவோருக்கு. முற்றத்தின் தெற்குத் தாழ்வாரம் பொது அடுப்படி. கொல்லையில், ஐப்பசி, கார்த்திகையில் நீர் தேங்கும் இடத்தில், மண்ணைக் கொட்டி மேடாக்காமல், நாலடித் தூண்கள்மீது ஐந்து புதிய அறைகள். அடியில் நீர் வடிந்து வாய்க்காலுக்குப் போகும். இதை நான் கந்தலமவிலிருந்து திருடினேன் என்பதை மறைக்கவில்லை. கூரைக்குத் தகடும் அதன்மேல் எங்கள் பழைய ஓடும். இரண்டாம் கட்டு முழுவதும் லாத்தாவுக்கு. கொல்லை அறைகளுக்குப் போவோர் அதனைத் தொடாமல் பக்கச் சந்து வழியே போவார்கள். கிணற்றடிக்கு நடுவே ஒரு சுவர். பாதிக் கிணறு வீட்டுக்கு, பாதி விருந்தினருக்கு.

கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. 18 அறைகள் 9 ஆகிவிட்டன. இடித்துக் கட்டும் செலவு பெரிதும் குறைந்ததனால் கடன் குறையும் என்கிறார் தம்பி. ஆனால் வருவாயும் குறையும். மூன்று குடும்பத்துக்கு அது போதுமா என்பதற்கு என்னிடமும் உறுதியான விடை இல்லை. "இரண்டு ஆண்டு பார்ப்போம் நானா, பிறகு பேசுவோம்" என்று சொல்லிவிட்டுச் சிங்கப்பூர் சென்றிருக்கிறார். கானாடுகாத்தானில், ஒரு செட்டியார் தம் மகளுக்காகக் கட்டிய விசாலம் மாளிகை இன்று விடுதியாக இருப்பதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அங்கே அறைக்கு எவ்வளவு என்று விசாரிக்கச் சொல்லி எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். விசாரித்தேன். அந்த வாடகையை நம் யாத்திரிகரிடம் கேட்க முடியாது என்று பதில் எழுதினேன்.

சென்ற திங்கட்கிழமை கொத்தனார் அளவெடுக்க வந்தார். லாத்தா ஒரு கிண்ணத்தில் சுண்ணாம்புப் பொடியை எடுத்துவந்து, முற்றத்துக்கும் இரண்டாம் கட்டுக்கும் இடையில், தம் பக்கமிருந்து மட்டும் தாழிடும்படியாகக் கதவு வர வேண்டிய இடத்தைத் தரையில் கோடிட்டுக் காட்டினார். கொத்தனார் நாடாவை நீட்டிப் பார்த்துவிட்டு, "இங்கே கதவு வைத்தால் விருந்தாளி அறையில் ஓரடி குறையுமே, நாச்சியார்" என்றார்.

"குறையட்டும்" என்றார் லாத்தா.